கல் மிஷினும் கார் பானெட்டும்

என் நீலக் காரைப் பாலிஷ் பண்ணிக்கொண்டிருந்த மிஷினின் வெள்ளைப் பேட்டில் நீலம் ஏறியிருந்தது. பார்த்த நொடியே மிஷினை நிறுத்தியிருக்க வேண்டும். நானோ, தேய்க்கத் தடவும் பசையான காம்பவுண்டின் நிறமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னொரு ஓட்டம் ஓட்டினேன். காம்பவுண்டு சுண்ணாம்புபோல் வெள்ளை என்பது டப்பாவைத் திறந்த எனக்குத் தெரியாதா என்ன! துடைத்துப் பார்த்தால், பானெட் ஃபெண்டரோடு சேரும் விளிம்பில் இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்துக்கு மங்கலாக ஒரு பட்டை. சுற்றிலும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அங்கே மட்டும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் விட்ட பாத்திரம்போல நீலம் செத்துக் கிடக்கிறது. நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட் அந்த இடத்தில் போய்விட்டது. பத்து நொடிகூட ஆகியிருக்காது.

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டில் நான்கு வண்டிகள். நான் ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வரும் அடர் நீல ஸ்விஃப்ட். அப்பா யாரையும் தொடவிடாத சிவப்பு மாருதி 800. தம்பியின் கறுப்பு ஸ்ப்ளெண்டர். தோட்டத்துக்குப் போக ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். வெளியே பஃபிங், அதாவது மிஷின் பாலிஷ், கொடுத்தால் ஒரு காருக்கு ஆகும் கூலியைக் கணக்குப் போட்டேன். இரண்டு காருக்குக் கொடுக்கும் பணத்தில் சொந்தமாக மிஷினே வாங்கிவிடலாம், வருஷம் ஒருமுறை நாமே செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. தப்பான கணக்கு இல்லை. ஆனால் மிஷின் வாங்குவதற்கு முன்னால், கைக்குக் கிடைத்த மிஷினில் "சும்மா ஒரு டெஸ்ட்" பார்த்தேன். அதில்தான் வந்தது வினை.

அந்த மிஷின் மாமாவுடையது. மாமா பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் முப்பது வருஷமாகப் பாலிஷ் வேலை பார்க்கிறார். கையில் பிடித்து ஓட்டும் தண்ணீர் மிஷின் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. சொல்லி அனுப்பியதும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். "கல்லையே கண்ணாடி ஆக்குது, தகரத்த ஆக்காதா மாப்ளே?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கல்லுக்கு ஒட்டும் வைரப் பேட்டைக் கழற்றிவிட்டு, அதே வெல்குரோ ஒட்டுப்பட்டையில் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் வாங்கிய ஒரு ஃபோம் பேட்டை ஒட்டினேன். வேகக் குமிழ் எப்போதோ செத்துப்போயிருந்தது; போட்டால் முழு வேகம், அணைத்தால் நிற்கும், அவ்வளவுதான். முழு வேகத்தில் விளிம்பைத் தொட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கும் ஆளாக அன்று நான் இல்லை.

சரி, பாலிஷே எதற்கு என்று கேட்கலாம். வீட்டு முன்னால் ஒரு பெங்களூரா மாமரம். வண்டிக்கு அதுதான் ஷெட். தை, மாசியில் பூ எடுக்கும்போது தத்துப்பூச்சி பூவில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, தேன்போல ஒரு பிசுபிசுப்பைச் சொட்டவிடும். இரவு நிறுத்திய வண்டி காலையில் கைவைத்தால் ஒட்டும். அதன்மேல் ஊரெல்லாம் ஓடும் கிரானைட் லாரி, ஜல்லி லாரிகளின் கல்பொடி படியும். அதை நான் தினமும் காலையில் பழைய பனியன் துணியால், தண்ணீர்கூடத் தொடாமல், ஒரு துடை துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவேன். கிரானைட் பொடியில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும் சரக்கு. அதைத் துணியில் வைத்து ஆறு வருஷம் பெயின்ட்டில் தேய்த்திருக்கிறேன். சுத்தம் என்று நினைத்துச் செய்த வேலை! இரவில் பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழே நின்றால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை கட்டியதுபோல் வட்ட வட்டமாகக் கீறல்.

இன்னொன்று எங்கள் போர் தண்ணீர். கழுவிவிட்டுத் துடைக்காமல் வெயிலில் விட்டால், ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளை வளையமாக நின்றுவிடும். புதுக்கறை என்றால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து நனைத்தால் கரைந்துவிடும். பழைய கறை பெயின்ட்டுக்குள் பள்ளம் பறித்துவிட்டால் பாலிஷ்தான் வழி. கண்ணாடியிலும் கூரையிலும் இப்படி நூற்றுக்கணக்கான வளையங்கள் இருந்தன.

எரித்த பட்டையை எடுத்துக்கொண்டு டிங்கரிங் பட்டறைக்குப் போனேன். பெயின்டர் அண்ணன் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "விளிம்புல டேப் ஒட்டலியா?" என்றார். ஒட்டவில்லை. "மிஷின் எத்தன சுத்து?" தெரியவில்லை. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பானெட்டை மட்டும் மறுபூச்சு அடிக்க 3,500 ரூபாய் ஆனது. வேலை சுத்தம், நிறமும் சேர்ந்துவிட்டது. ஆனால் சும்மா இருந்த வண்டிக்கு நானே வைத்துக்கொண்ட செலவு அது.

அதற்கப்புறம்தான் படிக்க உட்கார்ந்தேன். பெயின்ட் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் நண்பன் தடிமன் அளக்கும் மீட்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கொடுத்தான். தகரத்தின்மேல் வைத்தால் பூச்சு எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று காட்டும். பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. ஸ்விஃப்டின் கூரையில் 110-க்குப் பக்கம், கதவுகளில் 100 முதல் 120 வரை. இதில் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் அடக்கம். ஜெராக்ஸ் கடையில் வாங்கும் ஏ4 தாள் ஒன்றின் தடிமன் கிட்டத்தட்ட 100 மைக்ரான். ஆக, கார் பெயின்ட் மொத்தமே ஒரு தாள். அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். தாளில் பாதி இருந்தால் அதிகம். வெயிலைத் தாங்கும் சக்தி அந்தப் பாதியில்தான் இருக்கிறது. நாம் பாலிஷ் பண்ணும்போது தேய்ப்பதும் அதைத்தான். விளிம்பிலும் மடிப்பிலும் அடிக்கும்போதே பூச்சு மெலிந்துதான் உட்காரும். அந்த மெலிந்த இடத்தில் பேட்டின் மொத்த அழுத்தமும் ஒரு கோட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் செய்து காட்டியிருந்தேன்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது முதலில் அவர் நம்பவில்லை. மேசையிலிருந்த தாளை எடுத்து விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்தார். அவர் தொழிலில் பலகைக் கல்லின் கனம் 18, 20 மில்லிமீட்டர். மிக முரடான 50 நம்பர் பேட்டில் தொடங்கி 100, 200, 400, 800, 1500, 3000 என்று ஒவ்வொரு படியாக ஏறவேண்டும். ஒரு நம்பரைத் தாண்டினால் முந்தைய கீறல் கடைசிவரை நின்று காட்டிக்கொடுக்கும். "நம்பர தாண்டுனவன் ரெண்டு தடவ வேல செய்வான்" என்பார். கல்லில் அது சரி. முரட்டில் தொடங்கி மென்மைக்குப் போகலாம். அரை மில்லி போனாலும் கேட்பாரில்லை. காரில் அரை மில்லி என்றால் ஐந்து தாள். பெயின்ட், பிரைமர் எல்லாம் தாண்டித் தகரத்துக்குள் போய்விட்டிருப்போம். அதனால் இங்கே வரிசை தலைகீழ்: இருப்பதிலேயே மென்மையான பேட், மென்மையான பாலிஷ். அதில் கீறல் போகவில்லை என்றால் மட்டும் ஒரு படி முரடுக்கு இறங்கவேண்டும். நான் மிஷின் தேர்ந்தெடுத்ததும் பேட் தேர்ந்தெடுத்ததும் இந்த ஒன்றை வைத்துத்தான்.

மிஷினில் இரண்டு சாதி. ரோட்டரி என்பது மாமாவின் மிஷின் மாதிரி. நடு அச்சில் ஒரே சுற்று. கார் வேலைக்கான ரோட்டரி நிமிஷத்துக்கு 600-லிருந்து 3,000 சுற்று வரை ஓடும். தேர்ந்த கை பிடித்தால் வேகமாக வெட்டும். பழகாத கை பிடித்தால் ஒரே இடத்தில் சூடு ஏறும், வெயிலில் பார்த்தால் வில் வில்லாக நிழல் தெரியும், ஹோலோகிராம் என்பார்கள். கம்பி வெட்டும் ஆங்கிள் கிரைண்டரில் பஞ்சு மாட்டிப் பாலிஷ் பண்ணுபவர்களும் உண்டு. நான்கு அங்குல கிரைண்டர் 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். அதை வண்டிப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

மற்றது டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டிஏ. பேட் தன் அச்சில் சுற்றிக்கொண்டே அந்த அச்சும் ஒரு சின்ன வட்டம் போடும். ராட்டினத் தொட்டி தானும் சுழன்றுகொண்டு மொத்த ராட்டினத்தோடும் சுற்றுகிறதே, அந்த மாதிரி. பேட்டின் சுழற்சி இதில் நேராக மோட்டாரோடு பூட்டியிருக்காது. அதிகமாக அழுத்தினாலோ விளிம்பில் மாட்டினாலோ சுழற்சி நின்றுபோய் வெறுமனே அதிரும். கடைக்காரர் இதை ஒரு குறையாகச் சொன்னார், "பவர் பத்தாது சார்" என்று. பானெட்டை எரித்தவனுக்கு அது குறையாகவா தெரியும்? தப்புச் செய்தால் தானாக நிற்கிற மிஷின் என்றே எனக்குக் கேட்டது. கியர் வைத்துக் கட்டாயமாகச் சுழலும் டிஏ-க்களும் உண்டு. அவை நிற்காது, நன்றாக வெட்டும், கையையும் நன்றாக உதறும். முதல் மிஷினுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

டிஏ-வில் அடுத்த கேள்வி த்ரோ. அந்தச் சின்ன வட்டத்தின் விட்டம்தான் த்ரோ. 8, 12, 15, 21 மில்லிமீட்டரில் வருகின்றன. இத்தாலியின் ரூபெஸ் மாதிரியான பெரிய பெயர்களில் 15, 21 பிரபலம், விலையும் அப்படியே. த்ரோ கூடினால் ஒரு ஓட்டத்தில் கூடுதல் இடம் வேலையாகும். ஆனால் வளைவில் பேட் சுழல மறுக்கும். 21-ஐ ஓசூரில் ஒரு டீட்டெய்லிங் கடையில் பிடித்துப் பார்த்தேன். கூரையிலும் பானெட்டிலும் வெண்ணெய் மாதிரி போகிறது. ஸ்விஃப்டின் பின்பக்கம் முழுக்க வளைவு. அங்கே வைத்தால் சண்டித்தனம் பண்ணுகிறது. 8 சாது. எங்கும் போகும், ஆனால் நேரம் எடுக்கும்.

நான் வாங்கியது 15 மில்லிமீட்டர், ஐந்து அங்குல பேக்கிங் பிளேட் (பேட் ஒட்டும் தட்டு), 900 வாட். 8,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. இப்போது வாங்கினால் 12 வாங்குவேன் என்று நினைக்கிறேன். நம் ஊர் சின்னக் கார்களில் தட்டையான இடம் குறைவு. ஆனால் அது இரண்டு காரை முடித்தபிறகு வந்த ஞானம்.

கடையில் நான் பார்த்தது மூன்றுதான். குறைந்த வேகத்தில் போட்டு உள்ளங்கையில் வைத்து அழுத்தியபோது மோட்டார் சத்தம் தொய்கிறதா. தொய்ந்தால் பளு ஏறும்போது வேகம் நிற்காது. மோட்டாரில் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் வெளியிலிருந்தே கழற்றும்படி இருக்கிறதா. அப்புறம் எடை. இரண்டரை கிலோ கடையில் ஒன்றும் இல்லை. கதவின் கீழ்ப்பாகத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பிடித்தால்தான் தெரியும். கரண்ட் பற்றிப் பயப்படத் தேவையில்லை. 900 வாட் என்றால் நான்கு ஆம்பியர். சாதாரண பிளக் போதும். எக்ஸ்டென்ஷன் ஒயர் மட்டும் மெல்லிசாக இருக்கக் கூடாது, சுருட்டியபடியே வைத்தும் ஓட்டக் கூடாது. சூடாகும்.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டது. காசில்லாத வேலை, இதைவிட உபயோகமானது எதுவும் இல்லை. ஓடும்போது அந்தக் கோடு சுற்றிச் சுற்றி மங்கலாகத் தெரிந்தால் பேட் சுழல்கிறது என்று அர்த்தம். கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் சுழல்வது நின்றுவிட்டது, வேலை நடக்கவில்லை. உடனே அழுத்தத்தைக் குறைக்கவோ, பேட்டைத் தட்டையாகப் பிடிக்கவோ வேண்டும். முதல் நாள் பாதி நேரம் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேட் விஷயத்துக்கு வருகிறேன். என் பணமும் பொறுமையும் போனது இதில்தான். மிஷினோடு மூன்று பேட் இலவசமாக வந்தது. ஒவ்வொன்றும் இட்லிக்குண்டான் மூடி அகலம், தலையணை கனம். டிஏ-வின் அசைவே பதினைந்து மில்லிமீட்டர்தான். இரண்டு அங்குல ஃபோமைப் போட்டால் அந்த அசைவையெல்லாம் ஃபோமே விழுங்கிவிடும். பெயின்ட்டுக்கு ஒன்றும் போய்ச்சேராது. அது தெரியாமல் கூரையில் அரைமணி நேரம் ஓட்டினேன். மிஷின் உறுமுகிறது, கீறல் அப்படியே இருக்கிறது. அழுத்திப் பார்த்தேன். திடீரென்று பிளேட் மட்டும் வெல்குரோவோடு சுழல, ஃபோம் தனியாகப் பிய்ந்து மாமரத்தடியில் போய் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் நடுப்பகுதியில் பசை உருகியிருந்தது. பேட்டில் மிக அதிகமாகச் சூடேறுவது நட்ட நடுவில்தான். அதனால்தான் நல்ல பேட்களில் நடுவே ஒரு ஓட்டை விட்டிருக்கிறார்கள். அதுவரை அந்த ஓட்டை அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

அடுத்து வாங்கியவை ஒரு அங்குலத்துக்கு உள்ளே கனமுள்ள மெல்லிய பேட்கள், ஐந்தரை அங்குலம். பிளேட்டைவிட பேட் சுற்றிலும் கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் கை தவறினாலும் பிளேட்டின் விளிம்பு பெயின்ட்டில் படாது. அதைவிட அதிகமாக நீட்டினால் ஓரம் படபடத்து அடிக்கும். ஐந்து அங்குல மிஷினில் மூன்று அங்குலப் பிளேட் போட்டுக்கொள்ளலாமே என்றும் தோன்றும். மிஷினுக்குள் இருக்கும் எடைக்கட்டை ஐந்து அங்குலத்தின் பளுவுக்குச் சமன் பார்த்து வைத்தது. மாற்றினால் கை மரத்துப்போகும் அளவுக்கு உதறும். பிளேட்டோடு எடைக்கட்டையும் சேர்த்து மாற்றும்படி செய்த மிஷின் என்றால் வேறு கதை.

ஃபோமில் மூன்று வகை போதும்: வெட்டும் பேட், நடுத்தர பாலிஷ் பேட், கடைசி மினுக்குப் பேட். நிறத்தை நம்பக் கூடாது. ஒரு கம்பெனியில் ஆரஞ்சு வெட்டும் பேட், இன்னொரு கம்பெனியில் அதே ஆரஞ்சு நடுத்தரம். ஒரே நிறம் என்று இரண்டு கம்பெனிப் பேட்களைக் கலந்து வைத்தவன் நான். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெட்டும் பேட் பழைய ரஸ்க் மாதிரி எதிர்க்கும், மினுக்குப் பேட் ஊறிய பன் மாதிரி உள்ளே போகும். மைக்ரோஃபைபர் பேட் என்று ஒன்று உண்டு. டிஏ-வில் நன்றாக வெட்டும், ஆனால் மெல்லிய மூட்டம் விட்டுச்செல்லும். அதை எடுக்க இன்னொரு சுற்று ஃபோமில் போகவேண்டும். ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், வெட்டும் வேலை முரண்டு பிடிக்கும் இடத்துக்கு மட்டும். கம்பளிப் பேட் ரோட்டரிக்காரர்களின் ஆயுதம். எனக்கு வேண்டாம்.

எண்ணிக்கைதான் யாரும் முதலில் சொல்லாதது. வகைக்கு ஒன்று வாங்கினால் காரில் கால்வாசி முடிவதற்குள் பேட் காம்பவுண்டை உறிஞ்சி ஈரச் சோறாகிவிடும். அப்புறம் அது வெட்டாது, வழுக்கும். சூடு மட்டும் ஏறும். நடுத்தரத்தில் நான்கு, மினுக்குக்கு மூன்று, வெட்டுவதற்கு இரண்டு என்று ஒன்பது பேட் வைத்திருக்கிறேன். நடுத்தரம்தான் உழைப்பாளி. மிஷினுக்கு வைத்த பணத்தில் இரண்டாயிரத்தைக் குறைத்துப் பேட்டில் போடுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். சுமாரான மிஷினும் நல்ல பேட்டும் காரை ஜெயிக்கும். நல்ல மிஷினும் அந்தத் தலையணைப் பேட்டும் என்ன செய்யும் என்பதை மாமரத்தடியில் பார்த்தாயிற்று.

வேலை நடந்தது ஒரு சனி, ஞாயிறு. ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்த நாள். அம்மாவிடம் இரண்டு வாளி கேட்டேன். "குடிக்கிற தண்ணிய வண்டிக்கு ஊத்தறதா?" என்று ஒரு பாட்டம் கிடைத்தது, பிறகு வாளியும் கிடைத்தது. போர் தண்ணீரில் கழுவி, கடைசி அலசு மட்டும் நல்ல தண்ணீரில். அப்புறம் கிளே பார் என்று விற்கும் களிமண் கட்டி. மாவுபோலப் பிசைந்து சோப்புத் தண்ணீரில் வழுக்கி இழுத்தால் கழுவியும் போகாத பொடியெல்லாம் அதில் ஏறிவிடும். பளிங்கு மாதிரி வெளுப்பாக இருந்த கட்டி பானெட்டை முடிக்கும்போது அடுப்படிச் சுவர் நிறத்துக்கு வந்திருந்தது. இதைச் செய்யாமல் மிஷினை வைத்தால் அந்தப் பொடியைப் பேட்டில் மாட்டிக்கொண்டு காரையே கீறுவோம். விளிம்பு, ரப்பர், மடிப்புக் கோடு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப். இந்தத் தடவை ஒரு விளிம்பையும் விடவில்லை. பார்த்த தம்பி, "வண்டிக்குக் கட்டு போட்டிருக்கியாண்ணா?" என்றான்.

முன்கதவில் இரண்டடிக்கு இரண்டடி சதுரம் ஒன்றை டேப்பால் பிரித்துக்கொண்டேன். முதலில் மினுக்குப் பேட், மெல்லிய பாலிஷ். பயறு அளவில் நான்கு சொட்டு. புதுப் பேட் என்பதால் முதல் தடவை மட்டும் பேட்டின் முகம் முழுக்க விரலால் தடவினேன். மிஷினை பெயின்ட்டில் வைத்தபிறகுதான் சுவிட்ச். காற்றில் போட்டுக் கொண்டுவந்தால் காம்பவுண்டு சட்டையில் இருக்கும். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, நடு வேகத்துக்கு ஏற்றி, நொடிக்கு ஒரு அங்குலம் என்ற நிதானத்தில் குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை. ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மூடியபடி, சதுரம் முழுக்க மொத்தம் ஆறு ஓட்டம். கை தானாக வேகமெடுக்கும், அதை அடக்குவதுதான் வேலையே. சாணி மெழுகும் கை மாதிரி போகவேண்டும் என்று அம்மா திண்ணையிலிருந்து சொன்னார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

துடைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதி தண்ணீர் கலந்து ஒருமுறை தெளித்துத் துடைத்தேன். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடும். அதை எடுத்தால்தான் நிஜம் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை பாதிக்கு மேல் அப்படியே. ஒரு படி இறங்கி நடுத்தரப் பேட், அதே பாலிஷ். இப்போது வலை போய்விட்டது. ஆழமான இரண்டு மூன்று கோடுகள் மட்டும் மிச்சம். நகத்தால் தடவினேன், மாட்டியது. நகம் மாட்டும் கீறலைப் பாலிஷில் எடுக்க நினைப்பது கிளியர் கோட்டையே எடுக்கும் வழி. அவற்றை விட்டுவிட்டேன். இப்போதும் கதவில் இருக்கின்றன. எனக்கு மட்டும்தான் தெரியும். வெட்டும் பேட் கூரையில் இருந்த தண்ணீர்க் கறைப் பள்ளங்களுக்கு மட்டுமே தேவைப்பட்டது.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேட்டைச் சின்ன நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, மக்கிய காம்பவுண்டை உதறிவிட வேண்டும். அவ்வப்போது புறங்கையை வைத்து தகரம் எவ்வளவு சூடு என்று பார்க்கவும் வேண்டும். வெதுவெதுப்பு சரி, கையை எடுக்கத் தோன்றினால் நிறுத்து. பதினோரு மணிக்கு வெயில் மரத்தைத் தாண்டி பானெட்டுக்கு வந்துவிட்டது. சூட்டில் பாலிஷ் உடனே காய்ந்து தூளாகிவிடும் என்பதால் வேலையை நிறுத்திவிட்டு நான்கு மணிக்குத் தொடர்ந்தேன். ஞாயிறு மாலை ஸ்விஃப்ட் முடிந்தது. மேலே பெயின்ட்டைக் காக்கும் ஒரு சீலன்ட் பூசினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, டப்பாவில் எழுதியிருப்பதைச் செய்தால் போதும்.

அடுத்த வாரம் மாருதி 800. முதல் சதுரத்திலேயே பேட் ரத்தச் சிவப்பு. நெஞ்சு ஒரு நொடி நின்றது. அப்புறம் மீட்டரின் கணக்கு நினைவுக்கு வந்தது; கதவில் 260 காட்டியிருந்தது. பட்டறையில் அடித்த மறுபூச்சு, அதுவும் மேலே கிளியர் இல்லாத ஒற்றைப் பூச்சு. இந்த வகையில் தேய்ப்பதே நிறத்தைத்தான், பேட்டில் நிறம் ஏறுவது இயல்பு. எந்த வகை என்று முன்னாலேயே தெரிந்துகொள்ள, கண்ணில் படாத இடத்தில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துக் கையால் தேய்த்துப் பார்க்கலாம். நிறம் வந்தால் ஒற்றைப் பூச்சு. வராமல் இருந்து, பிறகு மிஷினில் வந்தால்தான் ஆபத்து.

வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்திருந்த சிவப்பு, அந்தச் செத்த தோல் உரிந்ததும் உள்ளிருந்து மிளகாய்ப்பழ நிறத்தில் எழுந்து வந்தது. நீலத்தில் கிடைக்காத சந்தோஷம் இதில் கிடைத்தது. நீலத்தில் கீறல் போனது; இங்கே வண்டியே திரும்பி வந்தது. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "பாதியோட நிறுத்தாத" என்று மட்டும் சொன்னார். சிவப்பேறிய நான்கு பேட்டையும் சிவப்புக்கே ஒதுக்கிவிட்டேன். எவ்வளவு அலசினாலும் முழுக்க வெளுக்கவில்லை.

ஸ்ப்ளெண்டர் டேங்க்குக்கு ஐந்து அங்குலப் பேட் ஆகாது. வளைவில் கோடு நின்று நடுங்குகிறது. ஸ்டிக்கர் விளிம்பில் பேட் பட்டால் உரித்துவிடும். டேப் ஒட்டி, கை அளவுக்கு வெட்டிய பழைய ஃபோம் துண்டால் கையிலேயே தேய்த்தேன். அரைமணி நேரம். எக்ஸ்எல்லுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன், அது அதற்கே ஆச்சரியப்பட்டிருக்கும்.

பேட்களை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு அலசி, பிழிந்து, வெல்குரோ மேலே பார்க்கும்படி நிழலில் காயவைக்கிறேன். தண்ணீர் பசைப் பக்கம் இறங்கினால் அடுத்த முறை மறுபடி மாமரத்தடிக்கு ஓடவேண்டியிருக்கும்.

மாமாவின் மிஷினைப் போன வாரம் திருப்பிக் கொடுத்தேன். மனசு கேட்காமல், கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கொடுத்து அந்த வேகக் குமிழை மட்டும் மாற்றி வாங்கியிருந்தேன். மாமா போட்டுப் பார்த்தார், குறைத்தார், கூட்டினார், மறுபடி குறைத்தார்.

"எட்டு வருசமா இப்படியேதான ஓட்டிட்டு இருந்தேன், இத எதுக்கு மாத்துன?" என்றார்.

பிறகு நேராக ஸ்விஃப்டின் பானெட் விளிம்புக்குப் போய், கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார்.